பிரேக்பொயின்ற்றுக்கு மேல எழுதினா ஆர் பொறுப்பு?

"பிரேக்பொயின்ற் வைச்ச இடத்திலயே போய் மெமரியை மாத்தி எழுதினா, பிறகு நடக்கிறதுக்கு டிபக்கர் பொறுப்பில்லை."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளில இருந்து இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். சொல்லுறவை லேசுப்பட்ட ஆக்களும் இல்லை, டிபக்கர் எழுதுற ஆக்களே சொல்லுகினம். கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். எனக்கு இதைக் கேட்டா இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும். ஏன் எண்டு எழுதத்தான் இந்தப் பதிவு. கொம்பியூட்டர் வேலை செய்யாத ஆக்கள் வேணுமெண்டா இதில ஓடித் தப்பலாம். ஆனா இருந்து வாசிச்சா விளங்காமல் போகாது. நானும் முதலில இருந்தே விளங்கப்படுத்துறன்.

புரோகிராம் எண்டது மெமரியில வரிசையாக் கிடக்கிற பைற்றுகள். அது ஓடேக்க நீங்கள் விரும்பின இடத்தில நிப்பாட்டி, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு காட்டுறது டிபக்கரின்ர வேலை. நிப்பாட்டுற இடத்துக்குப் பேர் பிரேக்பொயின்ற். எப்பிடி நிப்பாட்டுது? மந்திரம் ஒண்டும் இல்லை. அந்த இடத்தில இருக்கிற உண்மையான பைற்றைக் கிளப்பித் தன்ர பொக்கற்றுக்குள்ள வைச்சுப்போட்டு, அதிண்ட இடத்தில ஒரு பொறியை வைக்குது. இன்ரெல் சிப்புகளில 1978 இல வந்த 8086 இல இருந்தே இதுக்கெண்டு ஒரு பைற் நீளக் கட்டளை இருக்கு. பதினாறடி எண்ணில சிசி, எங்கட சாதாரணக் கணக்கில 204. சீபியு அதில கால் வைச்ச உடன ஒப்பரேற்றிங் சிஸ்ரம் புரோகிராமை மறிச்சு டிபக்கரைக் கூப்பிடும். ஏஆர்எம் 64 பிற் சிப்பில இந்தப் பொறி 4 பைற் நீளம். மெமரியைத் தொடாமல் சிப்புக்குள்ளயே இடத்தைக் குறிச்சு நிப்பாட்டுற வசதி 1985 இல 386 ஓட வந்தது. ஆனா நாலு இடம்தான். அஞ்சாவது வேணுமெண்டா திரும்பவும் பொறிதான்.

ஆகவே டிபக்கர் தொழிலே ஒரு பொய்யிலதான் தொடங்குது. மெமரியில 204 கிடக்கு. நீங்கள் "அங்க என்ன இருக்கு, காட்டு" எண்டு கேட்டா, டிபக்கர் பொக்கற்றுக்குள்ள இருக்கிற பழைய பைற்றை எடுத்து "இதுதான் இருக்கு" எண்டு காட்டும். ஸ்ரோல்மன் 1986 இல எழுதின ஜிடிபியின்ர கோட்டில இந்தப் பொக்கற்றுக்குப் பேர் ஷாடோ, நிழல். நல்ல பேர். இந்தப் பொய்யில எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் என்ர புரோகிராமைப் பார்க்க வந்தனான், டிபக்கரின்ர தட்டுமுட்டுச் சாமானைப் பார்க்க வரயில்லை.

பிரச்சினை வாசிக்கேக்க இல்லை. எழுதேக்கதான்.

அகதி விண்ணப்பம் குடுத்த ஆக்களுக்கு நான் ஒரு உதாரணம் சொன்னா உடன விளங்கும். நீங்கள் வீடு மாறீட்டியள். புது விலாசம் எழுதின கடிதத்தோட கந்தோருக்குப் போறியள். அலுமாரியில உங்கட ஃபைல் இருக்கவேண்டிய இடத்தில "ஃபைல் இன்ன அதிகாரியிட்ட" எண்டு ஒரு மட்டை செருகிக் கிடக்கு. அந்த மட்டைதான் பொறி. அதிகாரியின்ர மேசைதான் பொக்கற்.

ஒரு கிளாக்கர் மட்டையைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, உங்கட கடிதத்தை அந்த இடத்தில வைப்பார். இப்ப ஃபைல் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு அதிகாரி ஃபைலைக் கொண்டுவந்து அதே இடத்தில வைக்கேக்க உங்கட கடிதம் போயிடும், பழைய விலாசம் திரும்பி வந்திடும். இன்னொரு கிளாக்கர் "ஃபைல் இல்லை, பிறகு வாங்கோ" எண்டு அனுப்புவார். மூண்டாவது ஆள் அதிகாரியிட்ட இருந்து ஃபைலைத் திருப்பி எடுப்பிச்சு, கடிதத்தைக் கோத்து, மறுபடி அனுப்பிவைப்பார். நாலாவது ஆள் மட்டையைத் தொடமாட்டார். அதிகாரியின்ர மேசைக்கு நடந்துபோய், அங்க திறந்து கிடக்கிற ஃபைலுக்குள்ள கடிதத்தைக் கோத்துப்போட்டு வருவார்.

டிபக்கர் உலகத்தில இந்த நாலு கிளாக்கரும் இருக்கினம். நல்ல டிபக்கர்கள் மூண்டாம் ஆளா, நாலாம் ஆளா எண்டதிலதான் வித்தியாசப்படுகினம். ஜிடிபி வழக்கத்தில மூண்டாம் ஆள்: புரோகிராம் நிண்ட உடன எல்லாப் பொறியையும் கிளப்பிப்போடும், திரும்ப ஓடவிடேக்க வைக்கும். இடையில நீங்கள் எழுதுறது உண்மையான மெமரியிலயே போய் விழும், குழப்பம் இல்லை. ஆனா ஒரு திரெட்டை நிப்பாட்டி மற்றத் திரெட்டுகளை ஓடவிட்டுப் பார்க்கிற நேரம் இது சரிவராது. பொறியைக் கிளப்பின இடைவெளியில மற்றத் திரெட் அந்த இடத்தால சிவனே எண்டு போயிடும். அதுக்காகப் பொறியை எப்பவும் வைச்சிருக்கிற செற்றிங் ஒண்டும் ஜிடிபியில இருக்கு. அதைப் போட்டா ஜிடிபி நாலாம் ஆளா மாறும்: நீங்கள் எழுதுற பைற்றுகளில பொறி இருக்கிற இடத்துக்கு உரியது நிழலுக்குள்ள போகும், மிச்சம் மெமரிக்குப் போகும். அப்பிள் 2010 இல வெளிவிட்ட எல்எல்டிபியும் அப்பிடித்தான். எழுதுற துண்டைப் பொறிகளுக்கு இடையில வெட்டி வெட்டி எழுதும், பொறிக்குக் கீழ வாறதைத் தன்ர சேமிப்பில மாத்தும். 4 பைற் பொறிக்கு நடுவில 2 பைற் எழுதினாலும் அந்த 2 பைற்றும் சரியான இடத்தில போய்ச் சேரும்.

அப்ப என்ன பிரச்சினை, வழி தெரிஞ்ச விசயம்தானே எண்டு கேப்பியள். தெரிஞ்ச விசயம்தான். அதாலதான் எனக்கு இன்னும் கோபம்.

டிபக்கர் இப்ப ஒரு இடத்தில இருக்கிற சாமான் இல்லை. பாதி உங்கட மேசையில, பாதி சோதிக்கிற பலகையில. நடுவில ஒரு வயர். மேசையில இருக்கிற பாதி, ஜிடிபியின்ர தொலைத்தொடர்பு முறையில, "இன்ன இடத்தில பொறி வை" எண்டு ஒரு கட்டளை அனுப்பும். "இன்ன இடத்தில இந்தப் பைற்றுகளை எழுது" எண்டு இன்னொரு கட்டளையும் அனுப்பும். பொறியை வைக்கிறது பலகையில இருக்கிற பாதி எண்டா, பொக்கற்றும் அதிட்டத்தான் இருக்கு. அப்ப எழுதேக்க பார்க்கவேண்டியதும் அதுதான். ஜிடிபியோட வாற ஜிடிபிசேர்வர் அதை ஒழுங்காச் செய்யும், வாசிக்கேக்கயும் பார்க்கும், எழுதேக்கயும் பார்க்கும். ஆனா ஒவ்வொரு கொம்பனியும் தன்ர பலகைக்கெண்டு நாலு நாளில தட்டிப்போடுற குட்டிப் பாதிகள் இருக்குதே, அதுகளில எத்தினை முதலாம் கிளாக்கர்!

நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில நடந்ததைச் சொல்லுறன். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பார்க்கிங் ரிக்கற் மெசின் செய்யிற கொம்பனி. மெசின் சிலநேரம் மிச்சக் காசை ரெண்டு தரம் துப்பும். சனத்துக்குச் சந்தோசம், கொம்பனிக்கு வயித்தெரிச்சல். எங்களோட ஆறு மாசக் கொன்ராக்கில ஒரு எரித்திரியப் பொடியன் இருந்தான். என்னைப்போல அகதியா வந்தவன், வதிவிட அனுமதி வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கிற நிலைமை, வேலை இருக்கிறதுக்கான கடிதம் அதுக்கு அவசியம். அவன்தான் பிழையைக் கண்டுபிடிச்சவன். ரெண்டே ரெண்டு கட்டளையை மாத்தினாச் சரி எண்டான். ஏஆர்எம் பலகை, கட்டளைக்கு 4 பைற், மொத்தம் 8.

திரும்பக் கொம்பைல் பண்ணி ஏத்த அரை மணித்தியாலம் போகும் எண்டதால டிபக்கராலயே அந்த 8 பைற்றையும் மெமரியில எழுதிப் பார்த்தான். ரெண்டாவது கட்டளையில ஏற்கெனவே அவன் வைச்ச பிரேக்பொயின்ற் ஒண்டு இருந்தது. பலகையில இருந்த பாதி 8 பைற்றையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிச்சுது. பொறி அழிஞ்சுபோச்சு. ஆனா பொக்கற்றுக்குள்ள பழைய 4 பைற் அப்பிடியே இருக்கு. பொடியன் மெமரியை வாசிச்சுப் பார்த்தான், புது 8 பைற்றும் சரியாத் தெரிஞ்சுது. ஓடவிட்டான். பிரேக்பொயின்ற்றில நிக்கயில்லை. சரி, இது தேவையில்லை எண்டு பிரேக்பொயின்ற்றை அழிச்சான். பலகை தன்ர கடமையைச் செய்தது: பொக்கற்றுக்குள்ள இருந்த பழைய 4 பைற்றை எடுத்துக்கொண்டுபோய் அந்த இடத்தில வைச்சுது. இப்ப முதல் கட்டளை புதுசு, ரெண்டாவது பழசு. மெசின் மிச்சக் காசே குடுக்கயில்லை.

"என்ர மாற்றத்தைப் போட்டா நிலைமை இன்னும் மோசமாகுது, ஏன் எண்டு விளங்கயில்லை" எண்டு நேர்மையா எழுதிக் குடுத்தான். மீற்றிங்கில அவனுக்குச் சோதிக்கத் தெரியாது எண்டு முடிவாச்சு. ஆறு மாசம் முடிய கொன்ராக்கும் முடிஞ்சுது. நாலு மாசம் கழிச்சு வேற ஒரு கோளாறைத் தேடி வயரில போற பைற்றுகளைப் பதிஞ்சு பார்க்கேக்கதான் இந்தக் கூத்து என்ர கண்ணில பட்டது. அவன் எழுதின அதே 8 பைற்றைத்தான் பிறகு மெசினுகளில ஏத்தினவை. அவன் அப்ப வேற ஊரில ஒரு பக்ரறியில பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

டிபக்கரில பிழை எண்டு நான் விளங்கப்படுத்தினபோது பெரியவர் சொன்ன பதில்: "அது அரிதான கேஸ்." எழுதின ஆள் சொன்ன பதில் இன்னும் விசேசம்: "மேசையில இருக்கிற பாதி பார்த்திருக்கவேணும்." மேசைப் பாதியை எழுதினவையைக் கேட்டா, பலகைதான் பார்க்கவேணும் எண்டிருப்பினம். ஒருத்தர் காலில ஒருத்தர் விழுத்தின பழி, கடைசியில விழுந்தது அந்தக் கந்தோரிலயே ஆகக் குறைஞ்ச பலம் இருந்தவன்ர தலையில. மெசின் சொன்னா உண்மை, வெளிநாட்டுப் பொடியன் சொன்னாச் சாட்டு. இந்த நாடுகளில வேலை செய்த எங்கட ஆக்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனி "அரிதான கேஸ்" கதையைப் பார்ப்பம். புரோகிராம் இருக்கிற மெமரியில ஆர் போய் எழுதுறது? பலபேர் எழுதுகினம் ஐயா. சின்னப் பலகைகளில வேலை செய்யிறவன் ஒரு நாளைக்கு இருபது தரம் புதுப் புரோகிராமை ஜிடிபியின்ர லோட் கட்டளையால பழசுக்கு மேல ஏத்துறான், அவன் வைச்ச பிரேக்பொயின்ற்றுகள் அங்கயே இருக்கத்தக்கதாக. தொல்லை தாற ஒரு சோதனையை ஒண்டும் செய்யாத கட்டளையால மூடிப்போட்டுத் தொடர்ந்து ஓடவிடுறான் இன்னொருத்தன். ஓடுற புரோகிராமிலயே கோட்டை மாத்தித் தொடர விடுற விசுவல் ஸ்ரூடியோ வித்தையும் இந்த வகைதான். எழுதுற இடமும் பிரேக்பொயின்ற் இருக்கிற இடமும் ஒண்டாகிறது தற்செயலும் இல்லை. எங்க சந்தேகமோ அங்கதான் பிரேக்பொயின்ற் வைக்கிறம், எங்க சந்தேகமோ அங்கதான் மாத்தியும் பார்க்கிறம்.

"அப்ப எழுதவே விடாமல் மறுத்திடுவம், பிழைச் செய்தி ஒண்டு குடுப்பம்" எண்டு ஒரு கூட்டம். ரெண்டாம் கிளாக்கரின்ர ஆக்கள். இவை லினக்ஸ் கேர்னலைக் காட்டுவினம். கேர்னலுக்குள்ள பொறி வைக்கிற கேப்ரோப் எண்ட முறை, கேர்னல் ஓடேக்கத் தானே மாத்தி எழுதுற சில இடங்களில பொறி வைக்க இடம் தராது, முகத்துக்கு நேர மறுத்திடும். உண்மை. ஆனா அங்க மறுக்கிறது பொறியைத்தான், எழுத்தை இல்லை. புரோகிராமின்ர தேவை முதல், பார்க்க வந்தவன்ர தேவை பிறகு எண்டதுதான் அந்த ஒழுங்கு. அதை அப்பிடியே தலைகீழாப் பிடிச்சு, "என்ர பொறி இருக்கு, நீ எழுதாதை" எண்டு டிபக்கர் சொல்லுறது எந்த ஊர் நியாயம்? பொறி டிபக்கரின்ர உள்வீட்டுச் சாமான். அது இருக்கிறதே எனக்குத் தெரியக்கூடாது எண்டுதானே வாசிக்கேக்க மறைச்சுக் காட்டினது? வாசிக்கேக்க இல்லாத பொறி எழுதேக்க மட்டும் எப்பிடி முளைச்சது? இருந்தாலும் ஒண்டு சொல்லுறன், முதலாம் ஆளை விட ரெண்டாம் ஆள் எவ்வளவோ மேல். முகத்துக்கு நேர மறுத்திருந்தா அந்தப் பொடியன் பிரேக்பொயின்ற்றை எடுத்துப்போட்டு எழுதியிருப்பான், வேலையும் தப்பியிருக்கும்.

இப்ப நாலாம் ஆளிட்டயும் ஒரு குறை இருக்கு. நல்ல டிபக்கர்களைக் கும்பிடுறவை இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ.

இன்ரெல் சிப்பில கட்டளை ஒரு பைற்றாயும் இருக்கும், 15 பைற் வரைக்கும் நீளும். 100 எண்ட இடத்தில 2 பைற் கட்டளை ஒண்டு: ஒரு பெட்டியைப் பூச்சியமாக்கு. 102 இல 3 பைற் கட்டளை: அந்தப் பெட்டியில 1 ஐக் கூட்டு. நீங்கள் 102 இல பிரேக்பொயின்ற் வைச்சிருக்கிறியள். பிறகு இந்த ரெண்டையும் சேர்த்து "பெட்டியில 1 ஐப் போடு" எண்ட 5 பைற் கட்டளை ஒண்டால மாத்தி எழுதுறியள். 100 இல கட்டளையின்ர தலை, 101 இல இருந்து 104 வரைக்கும் அந்த எண்: 1, 0, 0, 0. நல்ல டிபக்கர் 102 இன்ர புதுப் பூச்சியத்தை நிழலுக்குள்ள போடும், பொறியைக் காப்பாத்தும். சட்டப்படி எல்லாம் சரி.

ஓடவிடுங்கோ. 102 இல இப்ப கட்டளை ஒண்டும் தொடங்கயில்லை, அது எண்ணுக்கு நடு. சீபியு 100 இல இருந்து வாசிக்கும், எண்ணின்ர ரெண்டாவது பைற்றில பொறியின்ர 204 கிடக்கும். 204 ஐ 256 ஆல பெருக்கி 1 ஐக் கூட்டுங்கோ. பெட்டிக்குள்ள 52225. பொறி வெடிக்காது, புரோகிராம் நிக்காது. மெமரியை வாசிச்சுப் பார்த்தா டிபக்கர் பொக்கற்றுக்குள்ள இருந்து பூச்சியத்தை எடுத்து, "1 எண்டுதான் இருக்கு" எண்டு கையடிச்சுச் சத்தியம் பண்ணும். சீபியு ஓட்டுறது ஒண்டு, உங்களுக்குக் காட்டுறது வேற ஒண்டு. பொறியைக் கிளப்பிக் கிளப்பி வைக்கிற மூண்டாம் ஆளிட்டயும் இதே முடிவுதான், ஓடவிடேக்க அவரும் 102 இல கொண்டுபோய் வைப்பார்தானே. கட்டளை எல்லாம் 4 பைற்றாயே இருக்கிற ஏஆர்எம் 64 இல எல்லையைப் பிசகாமல் எழுதினா இந்தத் தொல்லை வராது, இன்ரெலில வரும்.

நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. எழுதச் சொன்னா எழுது, நிழலுக்குள்ள போகவேண்டியது நிழலுக்குள்ள போகட்டும், பொறியும் இருக்கட்டும். ஆனா எழுதின துண்டுக்குள்ள பிரேக்பொயின்ற் அகப்பட்டா, "மூண்டாம் நம்பர் பிரேக்பொயின்ற்றுக்குக் கீழ இருந்த கட்டளை மாறியிருக்கு" எண்டு ஒரு வரி சொல்லு. ஜிடிபியும் சொல்லுறதில்லை, எல்எல்டிபியும் சொல்லுறதில்லை. பிரேக்பொயின்ற்றுக்கு முன்னால இருக்கிற பைற்றும் சேர்ந்து மாறினா எல்லை பிசகியிருக்கலாம், அப்ப அந்தப் பிரேக்பொயின்ற்றைக் கிளப்பி ஒரு பக்கம் வைச்சுப்போட்டு, வைக்கட்டோ எண்டு கேள். எல்லை பிசகினதோ இல்லையோ எண்டு டிபக்கருக்கு நிச்சயமாத் தெரியவராது எண்டு வாதாடுவினம். தெரியத் தேவையில்லை. நான் எழுதினதையும், தான் பொறி வைச்ச இடத்தையும் அதுக்குத் தெரியும். ஒரு வரி சொல்ல அது காணும்.

சத்தம் கூடிப்போகும், ஆக்களுக்கு அலுப்பு எண்டு அடுத்த சாட்டு. புதுப் புரோகிராமை முழுசா ஏத்தேக்க இருபது பிரேக்பொயின்ற்றுக்கும் இருபது வரி வேண்டாம், கூட்டி ஒரு வரியாச் சொல்லலாம். ஓடத் தொடங்கேக்கயே ரெண்டு பக்கத்துக்கு உரிமப் பிரசங்கம் வைக்கிற ஜிடிபிக்கு இந்த ஒரு வரிதானோ பாரம்?

கடைசியா, புரோகிராமே தன்ர கோட்டைத் தான் மாத்துற கேஸ் ஒண்டு இருக்கு. ஜாவாஸ்கிரிப்ற் எஞ்சின்கள் ஓடேக்கயே கட்டளைகளை உருவாக்கி எழுதுது. அதை டிபக்கர் பார்க்கவே ஏலாது, அதில நான் பழி சொல்லமாட்டன். ஆனா பிரேக்பொயின்ற்றை அழிக்கேக்க பொக்கற்றுக்குள்ள இருக்கிறதைக் கொண்டுபோய் வைக்க முதல், நான் வைச்ச பொறி இன்னும் அங்க இருக்கோ எண்டு ஒருக்கா எட்டிப் பார்க்கலாம்தானே? எல்எல்டிபி பார்க்குது. பொறி அங்க இல்லையெண்டா பழசைக் கொண்டுபோய் வைக்காது. ஜிடிபி, இறக்கிவிட்ட லைபிரரிகள் இருந்த இடங்களில பார்க்குது. எங்கட பார்க்கிங் மெசின் பலகை இந்த ஒண்டையாவது பார்த்திருந்தா அந்த 4 பைற் திரும்பி வந்திராது.

நீங்கள் பாவிக்கிற டிபக்கர் எந்தக் கிளாக்கர் எண்டு அறிய அஞ்சு நிமிசம் காணும். அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு கட்டளையில ரெண்டாவதில பிரேக்பொயின்ற் வையுங்கோ. ரெண்டுக்கும் மேலால வேற பைற்றுகளை எழுதுங்கோ. வாசிச்சு ஒரு கடதாசியில குறியுங்கோ. பிரேக்பொயின்ற்றை அழியுங்கோ. திரும்ப வாசியுங்கோ. ரெண்டு தரமும் ஒரே பைற்றுகள் வந்தாப் பாதிச் சோதினை பாஸ். பிறகு நான் மேல சொன்ன 5 பைற் கணக்கைச் செய்து, பிரேக்பொயின்ற்றை அழிக்காமல் ஓடவிட்டு, பெட்டிக்குள்ள வந்த எண்ணைப் பாருங்கோ. 52225 வந்தா, திரையில அதுக்கு முதல் ஏதாவது ஒரு வரி வந்ததோ எண்டும் பாருங்கோ.